முதல் ட்ரிப்பில் ஆளே இல்லையாம்!

நேற்று வகுப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயரைச் சொல்லமாட்டேன். இதைப் படிக்கும்போது யார் முகம் சிவக்கிறதோ அவர்தான். கையில் மெதுவடையோடு சொன்னார்: "மேடம், புதுசா ஒரு பார்க் வருதுல்ல, ஸ்பெஷல் பஸ் கேக்குறாங்க. செலவ அவங்களே ஏத்துக்கறாங்களாம். வண்டிக்கும் பிரச்சினை இல்ல. அந்த ரூட்ல காலையில முதல் ட்ரிப்புல ஆளே இல்ல. அத வெட்டிட்டாப் போதும்."

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கிழவிக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நீங்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. நன்றாகக் கேட்டது, அய்யா. நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை அது. அதனால்தான் எழுந்து போனேன். பதிலை இப்போது சொல்கிறேன். அட்டவணை போடுவது, வண்டிச் சுற்றுப் பிரிப்பது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அதை நான் தொடப்போவதில்லை.

எழுபதுகளின் நடுவில் பஸ் இலாகாவின் திட்டப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிரிவில் நான் ஒருத்திதான் பெண். "ஜவுளிக்கடை அண்ணாச்சி மகளுக்கு பஸ்ஸைப் பத்தி என்ன தெரியும்?" என்று என் காதுபடவே பேசினார்கள். தி.நகரில் அப்பாவின் கடைக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே பஸ் பலகையைப் பார்த்துத்தான். யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்று அவர்கள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

அப்போது திருவான்மியூரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பும் மணலும்தான். அந்தச் சாலையில் பாலவாக்கம் குப்பத்துக்கு முன்னால் ஒரு பெரிய தோப்பை வாங்கிப்போட்டார் ஓர் அண்ணாச்சி. தி.நகரில் நகைக்கடை வைத்துப் பெரிதாக வந்தவர். எங்கள் ஊர்ப் பக்கம்தான், அப்பாவுக்குப் பழக்கம். அந்தத் தோப்பில் ராட்சத ராட்டினம், குட்டி ரயில், படகு விடக் குளம், தங்கிப் போகக் குடில்கள் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டினார். சென்னையே வாயைப் பிளந்தது. கார் வைத்திருந்தவர்கள் போய்விடுவார்கள். கார் இல்லாத ஜனம் எப்படிப் போகும்? அதனால் எங்களிடம் வந்தார்.

எங்கள் மேலதிகாரியை ஆபீஸில் எல்லோரும் 'பெரியவர்' என்போம். அவர் அறையில் அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே பேசினார். "ஓட்டுறதுல நட்டம் வந்தா நான் தாரேன் சார். நெழற்குடையும் என் செலவுல கட்டித் தாரேன். பஸ்ஸ மட்டும் விடுங்க. ரெண்டே ரெண்டு வெசயம். வண்டி குப்பம் வரைக்கும் போவ வேண்டாம், நம்ம கேட்டோட திரும்பிரணும். அப்புறம், நம்ம கேட்டுக்கு வார வண்டியில மீன் கூடைய ஏத்தக் கூடாது. வாட அடிச்சா குடும்பத்தோட எவன் சார் வருவான்?"

பெரியவருக்கு வாயெல்லாம் பல். புது பஸ் வாங்க இலாகாவிடம் காசு கிடையாது. நஷ்டத்தைத் தருகிறேன் என்று அதுவரை எவனும் வந்து நின்றதில்லை. நான் கேட்டேன்: "வண்டி எங்கருந்து சார் வரும்?"

"அதான் பாலவாக்கம் மொத ட்ரிப் இருக்கேம்மா. விடிகாலைல குப்பத்தத் தாண்டித் திரும்பி தி.நகர் வரைக்கும் காத்து வாங்கிட்டு வருது. வசூலே இல்ல. அந்த ட்ரிப்ப வெட்டிடு. அந்த வண்டிய அண்ணாச்சிக்கு விடு."

சரியாக நேற்று இந்தத் தம்பி சொன்ன அதே வார்த்தை. மெதுவடை மட்டும்தான் இல்லை.

எனக்கு ஏதோ இடித்தது. குப்பத்தில் விடிவதற்கு முன்னால் வலை கரைக்கு வந்துவிடும். மீனை விற்கிற பெண்கள் ஊருக்குள் வந்தாக வேண்டும். அவர்கள் ஊர் விழித்திருக்கிற அந்த நேரத்தில் எங்கள் பஸ் மட்டும் எப்படிக் காலியாக வரும்? "நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன் சார்" என்றேன். "பாக்க என்ன இருக்கு? வசூல்தான் பேசுதே" என்றார். வசூல் பேசுமாம்! வசூல் என்பது ஏறினவர்களின் கணக்கு. ஏற முடியாமல் நின்றவர்கள் அதில் எந்த மூலையில் இருக்கிறார்கள்?

மறுநாள் விடிகாலையில் அப்பாவின் கடைக் காரில் பாலவாக்கம் போய் இறங்கினேன். இஸ்திரி போட்ட புடவை, தோளில் கைப்பை. ஸ்டாப்பில் பெண்கள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கூடைகளோடு ரோட்டோரமாக விட்டு விட்டு நின்றார்கள். ஏன் இப்படிச் சிதறி நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களில் வாட்டசாட்டமாக இருந்த கன்னியம்மா சொன்னாள்: "வண்டி எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்மே? முன்னாடி நின்னா பின்னாடி நிப்பாட்டுவான், பின்னாடி நின்னா முன்னாடி பூடுவான். ஓடத் தோதாத்தான் நிக்கறோம்."

பஸ் வந்தது. என் காலடியில் வந்து பதவிசாக நின்றது. "ஏறுங்க மேடம்" என்றார் கண்டக்டர். கன்னியம்மா கூடையைப் படியில் வைத்தாள். "ஏய், கூடைய எறக்கு! நாத்தம் பொறுக்க முடியல. அப்பால வா" என்று கத்திவிட்டு டபுள் விசில் கொடுத்தார். நான் ஏறவில்லை. வண்டி காலியாகப் போனது. ஆமாம், காத்து வாங்கிக்கொண்டுதான் போனது.

"உனுக்கோசரம் நின்னுச்சி. எங்களுக்கு நிக்குமா?" என்றாள் கன்னியம்மா.

யாரோ ஒரு கண்டக்டரின் திமிர் என்று பெரியவர் சொல்லிவிடக் கூடாது என்று அடுத்த நாளும் போனேன். இந்த முறை பழைய நூல் புடவை, கைப்பை இல்லை. கன்னியம்மாவிடம் ஒரு காலிக் கூடையைக் கேட்டு வாங்கினேன். சும்மாடு சுற்றித் தலையில் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்டாப்புக்கு நேராக நின்றேன். வண்டி தூரத்தில் வந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார், அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மிதித்தார் பாருங்கள் ஒரு மிதி! மணல் கண்ணில் அடித்தது. பஸ் போயே போய்விட்டது.

கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "இன்னாமே, நேத்து நின்னுச்சி, இன்னிக்கி பறந்துகினு பூட்ச்சி? நீயும் அதே ஆளுதானே!" மற்ற பெண்களும் கெக்கேபிக்கே என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆளைப் பார்த்துப் பார்த்து ஏற்றாமல் விட்டுவிட்டு, பிறகு ஆளே இல்லை என்று சொல்வதற்கு என்ன பெயர்? ஏழையின் வயிற்றில் அடிப்பதற்கு இலாகா ஒரு முறையே வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர்களோடு திருவான்மியூர் வரை நடந்தேன். வழியெல்லாம் கன்னியம்மா பேசிக்கொண்டே வந்தாள். "என் வூட்டுக்காரு கடல்ல அடிபட்டு வூட்டோட கீறாரு. அடுப்பு எரியறதே இந்தக் கூடையாலதான். வெயிலு ஏறிச்சின்னா மீனு கண்ணு வெளுத்துரும்மே. அப்பால எந்த அம்மா வாங்குவா? நல்ல கண்டக்டரு எவனாச்சும் வந்தா ஏத்திக்குவான், அன்னிக்கி தி.நகருக்கு போயி நல்ல வெலைக்கு வித்துருவேன். அந்த வண்டியும் பூட்ச்சின்னா அவ்ளோதான். சிந்தாதிரிப்பேட்டை ஏவாரி லாரி எடுத்துகினு கரைக்கே வர்றான். அவன் கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு கையப் பெசஞ்சிகினு நிக்க வேண்டியதுதான்."

வீட்டுக்குப் போனால் அம்மா கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள். "ஏளா, அங்கனயே நில்லு! புடவைய வாளியில போட்டுட்டு உள்ள வா. கலெக்டர் வேலைக்குப் போறான்னு பாத்தா மீன் கூடையத் தூக்கிட்டு வாராளே!"

பெரியவர் அறையில் அண்ணாச்சி இருந்தபோதே பார்த்ததையெல்லாம் சொன்னேன். வண்டி காலியாக வருவது ஆள் இல்லாததால் இல்லை, ஏற்றாததால் என்றேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். அண்ணாச்சிதான் பேசினார், அவ்வளவு குளிர்ச்சியாக. "தாயி, நம்ம ஊர்ப் பொண்ணு நீ. நீயே இப்பிடிப் பேசலாமா? நான் என்ன அவுகளுக்கு வெரோதியா? வேணும்னா ஒரு மாட்டு வண்டி வாங்கித் தாரேன். அதுல போவட்டும்."

"அது பொது பஸ் அண்ணாச்சி. உங்க வண்டி இல்ல."

"நட்டத்த நான்தான தாரேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நட்டத்தக் குடுத்தா வண்டி உங்களுதாயிருமா? உண்டியல்ல காசு போட்டா சாமி உங்க வீட்டோட வந்துருமா?" என்று கத்திவிட்டேன். ஆபீஸ் முழுவதும் கேட்டிருக்கும். அண்ணாச்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பெரியவர் கதவைக் காட்டினார். "உணர்ச்சிவசப்படறவங்களுக்கு இது எடமில்லம்மா. வெளியில போ." நியாயத்தைச் சொன்னால் அதற்கு உணர்ச்சி என்று பெயர் வைத்துவிடுவார்கள். உங்களுக்கும் வைப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ட்ரிப்பை வெட்டினார்கள். குப்பம் வரை போன வண்டி பூங்கா கேட்டோடு திரும்பும் என்று உத்தரவு வந்தது. கூடை ஏற்றக்கூடாது என்பதை மட்டும் உத்தரவில் எழுதவில்லை. எழுத எவனுக்கும் தைரியம் இல்லை. வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

நான் குப்பத்துக்குப் போய்க் கன்னியம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "கேட்டுலேர்ந்து கெளம்பறது பொது வண்டி. மனுஷருக்கும் டிக்கெட் இருக்கு, கூடைக்கும் லக்கேஜ் டிக்கெட் இருக்கு. ரெண்டையும் வாங்கினா எறங்கச் சொல்ல எவனுக்கும் உரிமை இல்ல." அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

திறப்பு விழாவுக்கு அண்ணாச்சி பஞ்சாங்கம் பார்த்து விடிகாலை முகூர்த்தம் வைத்திருந்தார். கேட்டில் வாழை மரம், நாதஸ்வரம், மந்திரி. புதுப் பெயின்ட் அடித்த பஸ்ஸுக்கு ஆளுயர மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எல்லோரும் வண்டியின் முன்பக்கத்தில் நின்று பூசணிக்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பின்படி வழியாகக் கன்னியம்மாவும் மற்ற பெண்களும் கூடைகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் வேலைக்குப் புதுசு. காசை நீட்டினால் டிக்கெட் கிழிக்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியும். கிழித்துக் கொடுத்துவிட்டார், கூடைக்கும் சேர்த்து.

வாடை முன்பக்கம் வந்தது. அண்ணாச்சி முகம் கறுத்தது. இலாகா ஆட்களோடு ஓரமாக நின்ற என்னிடம் பெரியவர் ஓடி வந்தார். "இது உன் வேலைதானே? எறக்கு! இப்பவே எறக்கு! மந்திரி பாத்தா மானம் போயிடும்!"

ஜன்னல் வழியாகக் கன்னியம்மா தலையை நீட்டினாள். "டிக்கெட்டு வாங்கிட்டோம் சார். தா பாரு!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போதே மந்திரி கொடியை அசைத்துவிட்டார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. வண்டி நகரவில்லை. பின்படியில் நின்ற கண்டக்டர் பெரியவரைப் பார்த்து உறைந்துபோயிருந்தார், விசில் கழுத்தில் தொங்கியது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மந்திரி இன்னொரு தடவை கொடியை அசைத்தார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திவிட்டார். அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் யோசித்து முடிவெடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். யோசிக்க எங்கே நேரம்? அந்தப் பெண்களை அன்று இறக்கினால் பிறகு ஒரு நாளும் அவர்கள் பஸ்ஸில் ஏறமாட்டார்கள். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. நேராகப் போய்க் கண்டக்டர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினேன். வாயில் வைத்து ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. அதுவரை விசில் ஊதிப் பழக்கமில்லை. அண்ணாச்சியின் மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை ஊதினேன். ஊதினேன் பாருங்கள், டபுள் விசில்!

டிரைவர்கள் அதிகாரி பேச்சைக் கேட்கமாட்டார்கள், சமயத்தில் ஆண்டவன் பேச்சையே கேட்கமாட்டார்கள். ஆனால் டபுள் விசில் காதில் விழுந்தால் கால் தானாக மிதிக்கும். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி கிளம்பிவிட்டது. நாதஸ்வரம் மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னலோரமெல்லாம் மீன்காரப் பெண்கள், மாலை போட்ட பஸ்ஸில், மந்திரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார்கள்.

மந்திரி பெரியவர் முதுகில் தட்டினார். "மீன்காரம்மாக்களுக்கும் சேத்தா வண்டி விட்டிருக்கீங்க? பேஷ், பேஷ்!" மைக்கிலும் அதையே சொன்னார். ஜனம் கைதட்டியது. பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? கைகூப்பி, தலைகுனிந்து, மந்திரி தன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டார்! அண்ணாச்சியும் கைதட்டினார். வேறு வழி?

மந்திரி வாயால் வந்துவிட்டது. அதனால் வெட்டின ட்ரிப்பைத் திரும்ப விட்டார்கள், குப்பம் வரைக்கும். எனக்கு மெமோ வந்தது. என்ன குற்றம் தெரியுமா? நடத்துநர் அல்லாத ஒருவர் விசில் ஊதிய குற்றம். திட்டப் பிரிவிலிருந்து தூக்கி வடபழனி டெப்போவில் உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். போல்ட்டும் நட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். திட்டப் பிரிவுக்குத் திரும்ப வெகுநாள் ஆயிற்று. பெரியவர் ரிட்டையர் ஆன விழாவில், கடலோர மக்களுக்கு விடிகாலை பஸ் தந்த மகான் என்று வாழ்த்துமடல் வாசித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அண்ணாச்சி நஷ்டத்தைத் தந்தாரா என்று கேட்பீர்கள். ராட்டினத்துக்குக் கூட்டம் இருந்த வரைக்கும் தந்தார். கூட்டம் குறைந்ததும் இன்று நாளை என்றார். அப்புறம் ஆளே கண்ணில் படவில்லை. குடில்களில் சவுக்கு முளைத்தது. ஸ்பெஷல் பஸ்களை இலாகா சத்தமில்லாமல் நிறுத்தியது. தனியார் காசு வரும், போகும். அந்தக் காசுக்காக எவருடைய வண்டியைப் பிடுங்கினீர்களோ, அவர்கள் அதே ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

ட்ரிப் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஸ்டாப்பில் நின்ற நாளெல்லாம் பஸ் நின்றது. அவர் இல்லாத நாளில் பழைய குருடி கதவைத் திறடி. கிடங்கில் உட்கார்ந்தபடியே மொட்டைக் கடிதம் எழுதி எழுதி இன்ஸ்பெக்டரை அங்கே நிற்க வைத்தேன். மொட்டைக் கடிதம் எழுதுவது தப்புதான். எழுதினேன், இன்னும் எழுதுவேன்.

ஒரு நாள் காலையில் அப்பா கடைக்கு எதிரே ஸ்டாப்பில் கன்னியம்மா கூடையோடு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் நடு ரோட்டிலேயே இலையை விலக்கி ஒரு மீனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருமே! கண்ணு எப்டி கீது பாரு! கண்ணாடி கணக்கா கீதா?" கடையிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மீன் தின்னாத எனக்கு அது என்ன மீன் என்றுகூடத் தெரியாது. கண் மட்டும் பளபள என்று இருந்தது. அந்த மெமோவை ஆயிரம் தடவை வாங்கலாம் என்று தோன்றியது.

இப்போது நீங்கள், தம்பி. மெதுவடைத் தம்பி. உங்கள் முதல் ட்ரிப்பை வெட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக்கு விடிகாலையில் அந்த ஸ்டாப்புக்குப் போங்கள். ஆபீஸ் ஜீப்பில் போகாதீர்கள். கழுத்திலிருக்கிற அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல சட்டை வேண்டாம். கீரைக் கட்டோ மீனோ, அங்கே யார் நிற்கிறார்களோ அவர்களிடம் கேட்டு ஒரு கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். வண்டி நின்று உங்களை ஏற்றிக்கொண்டால் தாராளமாக வெட்டுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நிற்காமல் போனால் பின்னாலேயே ஓடாதீர்கள். கூடையை இறக்காமல் அங்கேயே நின்று, அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்து, "இந்த ட்ரிப்புல ஆளே இல்ல" என்று இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள்.